சத்தமில்லாத தோட்டா

1996-ல் காரைக்குடிப் பக்கத்துத் துப்பாக்கிக் கிளப்பில் அழகுசுந்தரம் செட்டியார் ஒரு வாரமாகப் பீற்றிக்கொண்டிருந்தார். ஒலியைவிட மெதுவாகப் பாயும் வெளிநாட்டுத் தோட்டாவாம், வெடிச் சத்தமே கேட்காதாம். இலக்குப் பலகைக்கு அடியில் குழிக்குள் உட்கார்ந்து, குண்டு பட்ட இடத்தைக் குச்சியால் காட்டும் உபகாரசாமிக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அதைச் சுட்டுக் காட்டிய அன்று, குழிவரை சத்தம் வரவில்லை என்பதென்னவோ உண்மைதான். ஆனால் வேகமில்லாத தோட்டாவின் உதைப்பு, அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றப் போதாமல், செட்டியாரின் ஆட்டோமேட்டிக் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் சிக்கிக்கொண்டது. சிக்கும்போதெல்லாம் அவர் வைத வசவு மட்டும் குழிவரை தெளிவாகக் கேட்டது. பத்து வசவு வரை எண்ணிவிட்டு உபகாரசாமி அண்ணாந்து பார்த்தார். குண்டெல்லாம் தணிந்து போய், பலகைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் புதைந்திருந்தன. பலகையில் ஒரு ஓட்டைகூட இல்லை.

குழியிலிருந்தே குரல் கொடுத்தார்: "செட்டியாரே, வஞ்சு முடிச்சிட்டீகளா? இனிச் சுட ஆரம்பிக்கலாம்ல!"