திரைக்குப் பின்னால் சொன்ன எண்

தையல் பட்டறையில் அவளை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளைப் பார்த்தவர் யாருமில்லை. ஜன்னல் திரை, மேடைத் திரை, மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றித் தொங்கும் பச்சைத் திரை, எதுவானாலும் அவள் அளந்து வெட்டினால்தான் முதலாளிக்குத் திருப்தி. அரை விரல் பிசகினாலும் தையலைப் பிரிக்கச் சொல்லிவிடுவாள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவளிடம் போய் மருத்துவர் "ஓரளவு" என்றார்.

"கர்ப்பப்பை வாயில செல்லெல்லாம் கொஞ்சம் மாறியிருக்கு. இது புத்துநோய் இல்ல. நிறைய பேருக்குத் தானாவே சரியாயிடும், சில பேருக்குத்தான் முத்திப்போகும். இது எந்தப் பக்கம் போகும்னு அந்த செல்லோட மரபணுவைப் பாத்து இப்ப ஓரளவு சொல்ல முடியும். முத்துற வாய்ப்பு கம்மின்னா வெட்டி எடுக்க வேண்டாம். ஒரு வருஷம் விட்டுப் பாக்கலாம்."

ஓரளவு என்றால் எவ்வளவு என்று கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. மருத்துவர் எதிரில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்று கூட வருகிறவருக்கு. அதில் அவள் பையை வைத்திருந்தாள். பாவம், அதுவும் சும்மா இருக்க வேண்டாம் பாருங்கள்.

செல் எடுப்பதற்காகத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்தார்கள். பார்த்தால், அது அவள் வெட்டிய திரை! அந்த அடி மடிப்பை எங்கே கண்டாலும் அவளுக்கு அடையாளம் தெரியும். ஆனால் எந்தப் புண்ணியவானோ பச்சைத் துணியில் கறுப்பு நூலைப் போட்டு ஒரு பக்கத்தை மறுபடி தைத்து வைத்திருந்தான். ஒரு கொக்கியையும் காணோம். குளிர்ந்த கருவி உள்ளே போனபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கறுப்புத் தையலையே முறைத்தாள். பயத்துக்கு அது நல்ல மருந்தாக இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான், முடிவு அனுப்ப எந்த எண் என்று நர்ஸ் கேட்டாள். அவள் வாய் தன் பாட்டுக்கு ஓர் எண்ணைச் சொன்னது.

அது அவள் எண் அல்ல. அவளை விட்டுப் போன கணவனின் எண். வாடகை வீடு, மின்சாரம், கடை ரசீது என்று எங்கே கேட்டாலும் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிப் பழகியது. அவன் போய் வருஷங்கள் ஆகியும் வாய்க்கு மட்டும் இன்னும் செய்தி எட்டவில்லை. சொன்னது அவளுக்கே உறைக்கவில்லை.

பிறகு காத்திருந்தாள். வெட்டும் மேசையில் சாக்கட்டிக்குப் பக்கத்தில் போன் கிடந்தது. மெத்தைத் தள்ளுபடி என்று வந்தது. ஜோசியம் பார்க்க அழைத்தார்கள். மருத்துவமனையிலிருந்து மட்டும் மூச்சில்லை. நல்ல செய்தியென்றால் உடனே சொல்லியிருப்பார்கள், கெட்டது என்பதால்தான் தயங்குகிறார்கள் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். பக்கத்து மெஷின் அக்காவிடம் சொல்லலாமா என்று பலமுறை வாயெடுத்தாள். அக்கா ஊரெல்லாம் தமுக்கடிப்பாள் என்பது ஒரு பயம். 'அப்படியா' என்று கேட்டுவிட்டுத் தைக்கத் திரும்பிவிடுவாளோ என்பது அதைவிடப் பெரிய பயம். இரண்டாவதைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

ஒருநாள் ஒரு மேடைத் திரையை ஒரு சாண் குறைத்து வெட்டிவிட்டாள். பட்டறையே மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தது. "டேப்புக்கே அளவு தப்பிடுச்சா?" என்று அக்கா சிரித்தாள். என்ன ஆச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று மதியம் துணி உருளைகள் அடுக்கிய பின்னறையில் அவள் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. கணவனின் பெயரைப் போனிலிருந்து எப்போதோ அழித்துவிட்டாள். எண்ணை அழிக்க முடியுமா?

"நான்தான். ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்துருக்கு, உன் பேர் போட்டு."

கறுப்பு நூல் தையல் அவள் கண்முன் வந்தது.

"படிங்க."

அவன் லிஃப்ட் மெக்கானிக். எச்சரிக்கைப் பலகை படிக்கிற குரலில் படித்தான். மரபணுப் பரிசோதனையில் நோய் முற்றும் வாய்ப்பு குறைவு. ஓராண்டு கழித்து மறுபரிசோதனைக்கு வரவும்.

"இன்னொரு தடவை படிங்க."

படித்தான். அவள் சோற்றுக் கையோடு உருளைகளில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதாள். சந்தோஷம்தான். ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

"எப்ப வந்துச்சு?"

"போன வாரமே. கூப்பிடலாமா வேணாமான்னு இருந்தேன்."

ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் தினம் காலையில் தன்னைத் தானே பாடையில் ஏற்றியவள் அவள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பக்கம் ஒரு குழந்தை அப்பா என்று கூப்பிட்டது. யார் போனில் என்று ஒரு பெண் விசாரித்தாள். அவன் குரலைத் தணித்துக்கொண்டான்.

"கூட யாராவது இருக்காங்களா உனக்கு?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். துணி.

"இருக்காங்க."

"அப்ப சரி. அங்க நம்பரை மட்டும் மாத்திடு, என்ன?"

மறுநாளே போனாள். அப்படியே அந்தக் கொக்கி இன்னும் மாட்டப்படவில்லை என்பதையும் எட்டிப் பார்த்துக்கொண்டாள். கவுண்டரில் இருந்த பெண் புது எண்ணைக் கேட்டாள். நாக்கு நுனிக்குப் பழைய எண் வந்து நின்றது; விழுங்கினாள். தன் எண் தெரியவில்லை. அவன் இருந்தபோது வாங்கிக் கொடுத்தது, யாரும் கேட்டதில்லை, தனக்குத் தானே யார் போன் செய்துகொள்வார்கள்? கடைசியில் அந்தப் பெண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். அந்தப் பெண் அவள் எண்ணை அவளுக்கே வாசித்துக் காட்டினாள். அவளும் கூடவே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள்.

"அவசரம்னா கூப்பிட இன்னொரு நம்பர் வேணும்மா. வீட்ல யாரோடதாவது சொல்லுங்க."

முதலாளியை நினைத்தாள். அக்காவை நினைத்தாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கழுத்து நாடாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவள் ஓர் எண்ணை நிதானமாகச் சொன்னாள்.

"இது உங்க நம்பராச்சே?"

"ஆமா. அதையே போட்டுக்கங்க."

அந்தப் பெண் ஒருகணம் அவளைப் பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்தாள். இந்த முறை அவள் போனைப் பார்க்காமலே சொல்லியிருந்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.