கம்பிளிக் கையெழுத்து

"சித்தி, நீங்களுமா?" என்றாள் செல்வலட்சுமி.

எடை போடும் இடத்தில் கொழுந்துச் சாக்கை இறக்கிக்கொண்டிருந்த ஞானஜோதிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னட்டி, 'நீங்களுமா'ன்னா?"

செல்வலட்சுமி ஒரு தாளை நீட்டினாள். முழுக்க மலையாளம். ஞானஜோதிக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்.

"படிச்சுச் சொல்லு."

"சூப்பர்வைசர் தங்கதுரை மேல நான் குடுத்த புகார்ல உண்மை இல்லையாம். விசாரிச்சுட்டாங்களாம். கீழ பாருங்க, கமிட்டித் தலைவர் ஞானஜோதி மிக்கேல். உங்க கையெழுத்துதான?"

கோணிப்போன 'ஞா'. அவளுடையதேதான்.

"மருந்து ஷெட்டுல அவன் கையப் பிடிச்சு இழுத்தத உங்ககிட்டதான முதல்ல சொன்னேன்? சித்திரபுரத்துல பொம்பளைங்க மீட்டிங்ல கேட்டுட்டு வந்து, சட்டம் இருக்குட்டி, எழுதிக் குடுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"கர்த்தர் சத்தியமா எனக்குத் தெரியாதுட்டி. நான் எந்தக் கமிட்டியில..." சட்டென்று நின்றாள். "அய்யோ, கம்பிளிக்குன்னுல்ல கையெழுத்துப் போட்டேன்!"

இருவரும் எஸ்டேட் ஆபீசுக்குப் போய்க் கேட்டதும் கிளார்க் ஜின்சன் சிரித்தே விட்டான்.

"கம்பிளி இல்ல சேச்சி, கமிட்டி. பெண்ணுங்க வேலை செய்யுற இடத்துல அவங்க புகாரை விசாரிக்க அது வேணும், தலைவர் பெண்ணாத்தான் இருக்கணும்னு நியமம் உண்டு. முப்பது வருஷ சர்வீஸ், சீனியர் நீங்கதானே?"

"குளிருக்குக் கம்பிளி குடுக்குற மாசம்லா அது? லிஸ்டுல போடுங்கன்னீரு, போட்டேன். பெறகு இன்னொரு தாளு நீட்டுனீரே?"

"அது விசாரணை ரிப்போர்ட்."

"கம்பிளி வந்துட்டு போலன்னுல்ல நெனச்சேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "சரி, நான்தான தலைவரு? அந்த விசாரணை பொய்யின்னு எழுதும். இப்பவே கையெழுத்துப் போடுதேன்."

"ரிப்போர்ட் மேல போயாச்சு சேச்சி. விசாரிக்காமப் போட்டேன்னு சொன்னா உங்க மேலதான் வரும். உங்க வீட்டுக்காரர் மிக்கேல் சேட்டனுக்கும் உடம்பு சரியில்ல. எஸ்டேட் குடுத்த லயத்து வீட்டுல இருக்கணுமில்லே?"

"கமிட்டியில வேற யாரு?"

"உங்க கூடக் கொழுந்தெடுக்குற அழகுத்தாய் சேச்சி. அவங்களும் கையெழுத்து போட்டிருக்கு."

"அவளும் கம்பிளிக்கா?"

ஜின்சன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெளியே வந்ததும் ஞானஜோதி செல்வலட்சுமியின் கையைப் பிடித்தாள். "நாளைக்கு என் பக்கத்து நிரையிலயே கொழுந்தெடு. ஒன்னைய விட்டு நகர மாட்டேன்."

"நிரை பிரிச்சு விடுறது யாரு சித்தி?"



மறுநாள் காலையில் தங்கதுரை தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றிருந்தான்.

"தலைவரம்மா வந்தாச்சா? நாற்காலி போடச் சொல்லட்டா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அழகுத்தாய் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தலைவரம்மா மேட்டு நிரை. செல்வலட்சுமி, நீ ஓடைப் பக்கம், கடைசி நிரை."

"நானும் ஓடைப் பக்கமே போறேன்யா."

"அத நான்ல முடிவு பண்ணணும்?"

செல்வலட்சுமி சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

"ஏட்டி, ஒண்ணுன்னா சத்தம் போடு. எனக்குக் கேக்கும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கேட்டு என்ன செய்வீங்க சித்தி?"