சந்தனத் தோட்டா

"இலத்தூர்ல நான் ஒரு வெடி வெடிச்சேன். புகை வரலை, சந்தனம் வந்துச்சு. சுடுகாடு வரைக்கும் மணந்துச்சு. தென்காசி மொட்டைக் கோபுரத்துல இருந்த குரங்கெல்லாம் எவன் நமக்குப் பொட்டு வச்சான்னு நெத்தியைத் தடவிப் பாத்துதுன்னா பாத்துக்கிடுங்க."

முகம்மது இஸ்மாயில் இதைச் சொல்லாத நாளில் தென்காசியில் பொழுது விடிந்ததாகக் கணக்கில்லை. பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்று, ஊரில் லைசென்சோடு ஒரு கடை வைத்திருந்தவர். மசூது நடத்துகிற டீக்கடையில் அவர் வாயைத் திறந்தால் பால் தானாகப் பொங்கும். கேட்பவர்கள் குரங்கைக் கழித்துக்கொண்டு மீதியைப் பாதி நம்புவார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சமும் நம்பமாட்டார். ரிட்டயர்டு ஏட்டு இசக்கியப்பன். "பொய்" என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டு, டம்ளரை வைத்து எழுந்து போய்விடுவார். இஸ்மாயில் வெடித்த துப்பாக்கி அவருடைய சொந்த அண்ணன் வீட்டுத் துப்பாக்கி. அவரே பொய் என்றால் மற்றவன் என்ன சொல்ல?

நடந்தது ஐம்பத்தேழில்.

இலத்தூரில் இருந்த அந்த அண்ணன் சுந்தரபாண்டியனுக்கு நெஞ்சில் நீர் கட்டியிருந்தது. ஆடி தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் இஸ்மாயிலைக் கூப்பிட்டனுப்பி, சுவரில் தொங்கிய துப்பாக்கியைக் காட்டினார். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடுகிற வெள்ளைக்காரன் காலத்து ரைபிள். அடியில் இருக்கும் பிடியை இழுத்தால் பின்பக்கம் வாய் திறக்கும். பாண்டியனுடைய தாத்தா அதைத் தூக்கினால் எதிரில் வருகிற புலி வழி விட்டு, கூடவே வணக்கமும் சொல்லும் என்பார்கள்.

"இஸ்மாயிலு, எங்க வீட்டுல ஒரு முறை இருக்கு. ஆம்பளை செத்தா, பாடை கிளம்பும்போது தலைமாட்டுல இது ஒரு தடவை பேசணும். மகன் கொள்ளிச்சட்டி ஏந்துவான், தம்பி சுடுவான். எங்கப்பா போகும்போது தோட்டா கிடைக்கலை. பேசாமலே அனுப்பிட்டோம். அந்தச் சத்தம் இல்லாதது இன்னும் என் காதுல இருக்கு."

அதற்குரிய தோட்டாவைச் செய்வதை வெள்ளைக்காரனே நிறுத்தி வெகுகாலமாயிற்று.

"தோட்டா கிடைக்கலைன்னா துப்பாக்கியைத் தோட்டாவுக்குத் தகுந்தாப்ல மாத்திருவோம், பாண்டி," என்றார் இஸ்மாயில். "இப்ப திருநெல்வேலியில சின்ன ரகத் தோட்டா விக்குதான். உள்ளே ஒரு எஃகு உறை போட்டு இறுக்கினா, மாப்பிள்ளை மாதிரி உக்காந்துக்கிடும். தாலுகா ஆபீசுல லைசென்சையும் மாத்தி எழுதி வாங்கிருதேன்."

கட்டிலோரம் யூனிபாரத்தில் நின்ற இசக்கியப்பன் சிரித்தார். "சுடாத இரும்புக்கு எதுக்குண்ணே இந்தப் பாடு? நீ போற அன்னைக்கு நான் ரெண்டு ஓலைவெடி வாங்கிப் போடுதேன்."

வேடிக்கைக்குத்தான் சொன்னார். சுந்தரபாண்டியன் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இஸ்மாயில் வேலையில் இறங்கினார். தோளில் அணைக்கும் பின்கட்டையில் விழுந்த வெடிப்பை அடைத்து, துருவைத் தேய்த்து, பிடியை எண்ணெயில் ஊறப்போட்டு அசைய வைத்தார். அவர் தேய்த்த தேய்ப்பில் இரும்பில் முகம் பார்த்து மசூது மீசை ஒதுக்கிக்கொண்டான் என்பது அவருடைய வாக்கு. தோட்டா உட்காரும் அறைக்குள் விரலை விட்டுப் பார்த்தபோதுதான் அவருக்கே ஆச்சரியம். வழுவழுவென்று கண்ணாடி போல இருந்தது. சாரல் விழுகிற ஊரில் ஒரு துரு கிடையாது. "இது இரும்பே இல்லை, வேற ஏதோ வஸ்து" என்று மெச்சிக்கொண்டே அளவெடுத்தார். அந்த அளவுக்கே உறை கடைந்து இறுக்கினார்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற பாதையில் பாண்டியனுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. சோதனை அங்கே. துப்பாக்கியை ஒரு கவட்டையில் கட்டி, விசைக்குக் கயிறு போட்டுத் தள்ளி நின்று இழுத்தார். வெடித்தது. மரத்துக் கிளிகள் கேரளத்துக்குக் குடிபோயின. ஆனால் பிடியை இழுத்ததும் காலித் தோட்டாவோடு உறையும் சேர்ந்து வழுக்கி வெளியே வந்து விழுந்தது.

"பாய், மருத்துவச்சியைக் கூட்டியாந்திருக்கலாம்," என்றார் வேடிக்கை பார்க்க வந்திருந்த இசக்கியப்பன்.

இஸ்மாயில் குனிந்து உறையை எடுத்தார். உறையின் வெளிப்புறத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நேரே இலத்தூருக்கு வந்தார்.

"தங்கம், இதுக்குள்ள என்ன வச்சீங்க?"

சுந்தரபாண்டியனின் மனைவி தங்கபுஷ்பம் ஒளிக்கவில்லை. "ஆயுத பூசைக்குச் சந்தனம் வைக்கோம்லா அண்ணாச்சி. வெளியே மட்டும் வச்சா போதுமா? உள்ளேயும் அதே சாமிதானே. விளக்கெண்ணெயில குழைச்சு விரலால பூசுவோம். எங்க மாமியாரும் அப்படித்தான். அவுக மாமியாரும் அப்படித்தான்."

மருமகள்மார் மாறி மாறி வருஷந்தோறும் பூசிய சந்தனம். எண்ணெயோடு இறுகி, படலத்துக்கு மேல் படலமாகக் கல்லாகியிருந்தது. இரும்பைத் துருவிடமிருந்து காத்ததும் அது. இஸ்மாயில் இரும்பென்று நினைத்து அளந்ததும் அது.

"இதைச் சுரண்டி எடுக்கணும் தங்கச்சி. எடுத்தாத்தான் உறை நிக்கும்."

தங்கபுஷ்பம் உள்ளே போய் ஒரு வெண்கலக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "கீழே மட்டும் சிந்திராதீங்க. அவ்வளவு பேர் கையும் அதுல இருக்கு."

இஸ்மாயில் மூங்கில் சிம்பால் சுரண்டினார். பட்டாளத்தில் பீரங்கிக்குக்கூட அவர் அத்தனை மரியாதை காட்டியதில்லை. கிண்ணம் நிறைந்ததும் அவள் அதைப் பூசை மாடத்தில் கொண்டுபோய் வைத்தாள். உண்மையான இரும்பு தெரிந்ததும் மறுபடி அளந்து புது உறை கடைந்தார். அதை இறுக்கி முடித்த அன்று, சோதனைக்குக் கிளம்புமுன்பே ஆள் வந்தது. சுந்தரபாண்டியன் போய்விட்டார்.

சாரல் நூலாக விழுந்துகொண்டிருந்தது. தெருவில் பாடை தயாராக இருந்தது. மகன் கொள்ளிச்சட்டியோடு நின்றான். இஸ்மாயில் துப்பாக்கியை இசக்கியப்பனிடம் நீட்டினார். இசக்கியப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சோதிச்சுப் பாத்தாச்சா?"

"இல்லை."

"நான் தொடமாட்டேன் பாய். அண்ணன் தலைமாட்டுல வச்சு இது பல்லிளிச்சா, ஊர் சிரிக்கும். நீரும் உம்ம இரும்பும். நான் போய்ச் சிதை அடுக்கினது சரியா இருக்கான்னு பாக்குதேன்." குளத்தைச் சுற்றிக்கொண்டு சுடுகாட்டுப் பக்கம் நடந்துவிட்டார். கூடவே யாரும் போகவில்லை.

கூட்டம் இஸ்மாயிலைப் பார்த்தது. தம்பி சுட வேண்டிய இடம். அவர் யாரிடமும் கேட்கவில்லை, யாரும் அவரைத் தடுக்கவும் இல்லை. கூட்டத்துக்கு நடுவே குண்டு போடக்கூடாது என்று தோட்டாவிலிருந்த ஈயக் குண்டைக் கழற்றி எடுத்தார். உள்ளே வெடிமருந்து நிற்க மேலே எதையாவது வைத்து அடைக்க வேண்டும். பஞ்சு கேட்டார்.

தங்கபுஷ்பம் உள்ளிருந்து வந்தாள். கையில் அந்தக் கிண்ணம். "பஞ்சு எதுக்கு? இதை வைங்க."

இஸ்மாயில் வாங்கிக் கையில் நொறுக்கிப் பொடியாக்கினார். தோட்டாவில் இட்டுக் காகிதத்தால் மூடினார். எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னார். இந்தத் தடவை கயிறு கட்டவில்லை. வெடித்துச் சிதறினால் தன்னோடு போகட்டும் என்று கட்டையைத் தோளில் வைத்து, வானத்தைப் பார்த்து, கண்ணை மூடாமல் விசையை இழுத்தார்.

துப்பாக்கி பேசியது. குளத்துத் தண்ணீர் ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்தது. பிடியை இழுத்தபோது காலித் தோட்டா மட்டும் வந்தது, உறை அசையவில்லை. பாடையைத் தூக்கினார்கள். புகை சாரலில் மேலே எழ முடியாமல் தாழ்ந்து, தெருவோடு தெருவாகப் பாடைக்கு முன்னால் நகர்ந்தது. புகைக்குள் நின்றவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இந்த இடத்துக்கு வந்ததும்தான் இஸ்மாயில் குரங்கைப் பற்றித் தொடங்குவார். அறுபத்துமூன்றில் ஒருநாள் எலுமிச்சை லாரியோடு புளியங்குடியிலிருந்து வந்த டிரைவர் ஒருவர் மசூது கடையில் இதை முதன்முதலாகக் கேட்டார். அவருக்குக் குரங்கில் அக்கறையில்லை.

"அது கிடக்கட்டும். சுடுகாடு வரைக்கும் மணந்துச்சுங்கீரே. பாடை தெருவுல நிக்கி, நீரும் தெருவுல நிக்கீரு. சுடுகாட்டுல நின்னு மோந்து பாத்தவன் யாரு ஓய்?"

இஸ்மாயில் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். பெஞ்சின் மறுகோடியை அவர் பார்க்கவில்லை. மசூதும் பார்க்கவில்லை.

மறுகோடியிலிருந்து வழக்கமான அந்த ஒற்றைச் சொல் வரவில்லை. இசக்கியப்பன் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"நான்தான் நின்னேன்," என்றார். "சிதைக்குப் பக்கத்துல தனியா நின்னேன். சத்தம் கேட்டுச்சு. வெடிச்சிட்டுன்னு நினைச்சேன், அவ்வளவுதான். பொறவு காத்து குளத்து மேல வந்துச்சு." இஸ்மாயில் பக்கம் திரும்பினார். "மணந்துச்சு பாய். எங்க அம்மை கை மணம். சட்டையெல்லாம் மணந்துச்சு."