நெட்ராவின் இன்னொரு பெயர்

இடது கை சட்டைக்குள் போக மறுத்தது. மெர்லீன் அம்மாவின் முழங்கையைப் பிடித்து மெல்ல மடக்கினாள். எதிரே நின்ற ஆர்ஃபா டோல்மன், சபைப் பெண்கள் சங்கத்தின் தலைவி, கையைவிட வாயால்தான் அதிகம் உதவிக்கொண்டிருந்தாள்.

“ஒம்பது புள்ள பெத்தாங்க. ஒரு நாளாவது முகம் சுளிச்சிருப்பாங்களா? வாயத் திறந்து ஒரு குறை சொன்னதில்ல.”

“யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க, சிஸ்டர்.”

ஆர்ஃபா அதைக் காதில் வாங்கவில்லை. பத்து மணிக்குச் சபையிலும் இதையேதான் சொல்லப்போகிறாள். பிஷப் இன்னும் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார். குறை சொல்லாத பெண்களை இந்த ஊருக்கு ரொம்பப் பிடிக்கும். செத்துவிட்டால் இன்னும் பிடிக்கும்.

எட்டாவது பிள்ளை பிறந்த அன்று காலைவரை உருளைக்கிழங்கு லாரி ஓட்டியவள் அம்மா நெட்ரா. கெட்ட காலத்துக்கு ஒரு வருஷச் சாப்பாடு சேர்த்து வையுங்கள் என்று சபை சொன்னதால், வருஷா வருஷம் இருநூறு பாட்டில் பீச் பழம் வேகவைத்து நிலவறையில் அடுக்கினாள். கெட்ட காலம் வந்தது, அவளுக்கு மட்டும். போன அக்டோபரில் வயிறு வலிக்கிறது என்றபோது, கிழங்கு எடுத்து முடிக்கட்டும், அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்றார் அப்பா வெர்ல். கிழங்கு முடிந்து பீட்ரூட் வந்தது. பீட்ரூட் முடிந்து பனி வந்தது. இப்போது மறுபடி கிழங்கு. மதியம் வயலில் இறங்க வசதியாகத்தான் அடக்கத்தைக் காலையிலேயே வைத்திருந்தார்கள்.

ஆர்ஃபா கடைசியாகப் பச்சை ஏப்ரனை எடுத்து இடுப்பில் கட்டினாள். கோவிலில் உடுத்தும் உடையில்தான் அடக்கம் செய்வார்கள்; ஏப்ரனும் அதில் சேர்த்தி. சொர்க்கத்துக்குப் போகும்போதும் ஏப்ரன் கட்டித்தான் அனுப்புகிறார்கள் என்று மெர்லீன் நினைத்தாள்.

வெர்ல் உள்ளே வந்தார். தொப்பி கையில் இருந்தது.

“சிஸ்டர் டோல்மன், கொஞ்ச நேரம் வெளிய இருங்க.”

கதவைச் சாத்திவிட்டு மகளிடம் நெருங்கி வந்தார். சவப்பெட்டியைப் பார்க்காமல் தொப்பியைப் பார்த்துப் பேசினார்.

“அம்மா உங்கிட்ட எதாவது சொன்னாளா?”

“எதப் பத்தி?”

“அந்தப் பேரு.”

மெர்லீனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. கல்யாணத்தன்று கோவிலில் பெண்ணுக்கு ஒரு ரகசியப் பெயர் கொடுப்பார்கள். அதை அவள் கணவன் ஒருவனுக்குத்தான் சொல்லலாம். உயிர்த்தெழும் நாளில் அவன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அவள் எழுந்து வருவாள். இந்தப் பள்ளத்தாக்குப் பெண்கள் அப்படித்தான் நம்பினார்கள். அவனுக்குக் கொடுத்த ரகசியப் பெயர் அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவள் கூப்பிடப்போவதில்லையே.

“மறந்துட்டீங்களா?”

“நாப்பத்தாறு வருஷம் ஆச்சு மெர்லீன். ஒரே ஒரு தடவ காதுல சொன்னா. எழுதி வைக்கவும் கூடாது.” அவர் நிஜமாகவே பயந்திருந்தார். “நான் கூப்பிடலன்னா அவ கதி என்ன?”

அவள் கதியைப் பற்றி அவர் கவலைப்பட்டு மெர்லீன் பார்ப்பது இதுவே முதல் தடவை. அதுவும் போய்ச் சேர்ந்த பிறகு.

இரண்டு வாரம் முன்பு, படுக்கை விரிப்பை மாற்றும்போது அம்மா அந்தப் பெயரை அவளிடம் சொல்லியிருந்தாள். சொல்லக்கூடாது என்று சத்தியம் செய்தவள், தயங்காமல் சொன்னாள். “உங்கப்பாவுக்கு மறந்திருக்கும். வந்து கேப்பாரு. சொல்லாத. அந்தப் பக்கமும் போயி அவருக்கு ரொட்டி சுடணுமா? நான் கொஞ்சம் தூங்குறேன்.” பிறகு சிரித்தாள். சிரித்ததில் வலி வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“ரூத்தா?” என்றார் வெர்ல்.

மெர்லீன் இல்லை என்று தலையசைத்தாள்.

“அப்ப உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“சொல்லும்மா.”

“நீங்களே யோசிங்க.”

“ராகேல். இல்ல, நவோமி... மிரியாமா?”

ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள்.

“எஸ்தர்? லேயாள்?”

தொலைந்த சாவிக்கு எல்லாப் பையிலும் கையை விட்டுத் துழாவுகிறவர்போல் தேடினார். அவர் சொன்னவற்றில் ஒன்று சரியான பெயர். அதற்கும் மெர்லீன் அதே மாதிரி, அதே நிதானத்தில், இல்லை என்று தலையசைத்தாள். அவர் அதைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனார். அந்தப் பெயரைச் சொன்னபோதும் அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

“நேரமாச்சு பிரதர்,” என்றாள் ஆர்ஃபா கதவுக்கு வெளியிலிருந்து.

முகத்திரையை மெர்லீனே இறக்கினாள். உதட்டைக் கடித்த தழும்பு அதற்கடியில் மறைந்தது.

சபையில் பிஷப், இவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை என்றார். முன்வரிசையில் வெர்ல் அழுதார். பெண்கள் அதைப் பார்த்து உருகினார்கள்.

மாலையில் மெர்லீன் அடுப்படியில் நின்று, சபைக்காரர்கள் கொண்டுவந்த உருளைக்கிழங்குத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வயலிலிருந்து திரும்பிய வெர்ல் நேராகத் தொழுவத்துக்குப் போனார். கறக்கும் நேரம். வேலியோரம் நின்று கூப்பிட்டார்.

“மேபல். ஜூனி. வா, டிம்பிள். க்ளோவர்.”

நாற்பது மாடுகள். எங்கும் தடுமாறவில்லை. பெயர் கேட்ட மாடு தலையைத் தூக்கி அவரை நோக்கி நடந்து வந்தது. எல்லாம் உள்ளே போன பிறகும் அவர் கதவைச் சாத்தவில்லை. மேட்டின் அந்தப் பக்கம் ஒரு நொண்டி மாடு பின்தங்கியிருந்தது. அதையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.