மெழுகில்லாமல் முப்பத்தொன்று

மெழுகுக் கட்டியின் மேல்பாதியைத் தூக்கும்போது தங்கையின் கை வியர்வையில் வழுக்கியது. கீழே விடாமல் மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு அடிப்பாதியையும் எடுத்தாள். எண்ணுகிற குழாய் மட்டும் மேசைமேல் ஒரு முழ நீளத்துக்குப் பளபளவென்று தனியாகக் கிடந்தது.

"எடுத்துட்டியா?" அடுத்த அறைக் கட்டிலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"எடுத்துட்டேன்."

"ரெண்டு பாதியையுமா?"

"ரெண்டையும்தான். மேசைக்கு அடியில வெச்சிருக்கேன்."

"அடியில வேணாம்டீ, ரொம்பப் பக்கம். வாசக்கதவுகிட்ட கொண்டுபோய் வை."

"படுத்துக்கிட்டே அதிகாரம் பண்றதுல உங்கக்காவை அடிச்சுக்க ஆளே கிடையாது," என்றார் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அத்தான். பஸ் ஓட்டுபவர். மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை.

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் வெறும் மூச்சானது. தங்கை மெழுகைக் கதவோரம் வைத்துவிட்டு எட்டிப்பார்த்தாள். மூன்று தலையணைமேல் சாய்ந்திருந்த அக்காவின் கால்கள் தண்ணீர் கோத்துப் பூசணிக்காய்போல் இருந்தன. இதயம் இனி தாங்காது என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "இன்னைக்கோ நாளைக்கோ. பக்கத்துலயே இருங்க."

பக்கத்திலேயே இருக்கத்தான் தங்கை வந்திருந்தாள். வந்தவளைக் கட்டிலில் உட்காரவிடாமல் மெஷினுக்கு அனுப்பியவள் அக்காதான். "இங்க உக்காந்து என் மூஞ்சியைப் பாத்து என்ன ஆகப்போகுது? அவருக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும். உன்னைவிட்டா அதை ஓட்ட யாருடீ இருக்கா?"

ஊர் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் சொல்லும். மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் எக்ஸ்ரே மெஷின்களைப் பழுதுபார்ப்பாள். கழித்துப்போட்ட ஒன்றின் ட்ரான்ஸ்ஃபார்மரை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஏழு வருஷமாக அதைச் சுற்றித்தான் இந்த மெஷினைக் கட்டினாள். தர்ப்பூசணி அளவில் ஒரு எஃகு உருண்டை. அதன் நடுவில் எலுமிச்சை அளவில் ஒரு கம்பிக் கூடு. கம்பியை வளைத்துக் கூடு பின்னியது தங்கை. தையற்காரி விரல்களுக்கு அது அரை மணி நேர வேலை. உருண்டையின் காற்றை உறிஞ்சிவிட்டு, கனமான ஹைட்ரஜன் என்கிற டியூட்டீரியத்தை மூச்சுக்காற்றளவு விட்டு, முப்பதாயிரம் வோல்ட் கொடுத்தால், வாயு ஒளிரும். அணுக்கருக்கள் கூட்டை நோக்கிப் பாய்ந்து ஒன்றோடொன்று மோதும். கோடியில் ஒன்று இரண்டு ஒட்டிக்கொள்ளும். சூரியனுக்குள் நடக்கிற காரியத்தின் ஒரு துளி. ஒட்டும்போது நியூட்ரான் தெறிக்கும்.

நியூட்ரானைக் கண்ணால் பார்க்க முடியாது. குழாய்தான் சொல்ல வேண்டும். குழாயோ வேகமாக வருவதைப் பிடிக்காது. சுற்றிலும் மெழுகு இருந்தால், அதில் முட்டிமோதித் தளர்ந்து வருவதைத்தான் பிடிக்கும்.

இரண்டு வருஷம் முன்னால் எண்கள் கூடக்கூட அக்கா பறந்தாள். இதே கிறுக்குப் பிடித்த நாற்பது பேர் வருஷம் ஒருமுறை கூடும் கூட்டத்தில் மேடையேறிச் சொல்லியும்விட்டாள். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "மெழுகை எடுத்துட்டு எண்ணிப் பாத்தீங்களாம்மா?"

பார்க்கவில்லை. எடுக்கவும் முடியாது. சூடாக உருக்கிக் குழாய்மேலேயே ஊற்றியிருந்தாள். கூட்டம் சிரித்தது. அன்று வீட்டுக்கு வந்து கத்தியால் மெழுகைச் செதுக்கி எடுத்துவிட்டு ஓட்டினாள். எண் குறையவேயில்லை. குழாய் எண்ணியதெல்லாம் நியூட்ரான் அல்ல, மின்பொறி தெறித்த வெறும் இரைச்சல். நாற்பது பேருக்கும் அவளே கடிதம் எழுதினாள்: 'நான் சொன்னது தப்பு.' அதன்பிறகு கம்பிகளுக்கெல்லாம் உறை போட்டாள், குழாயை மாற்றினாள், மெழுகை இரண்டு பாதியாக வார்த்தாள். எல்லாம் தயாரானபோது படுத்துவிட்டாள்.

இன்று மூன்று மணிக்கு மெழுகோடு ஓட்டினார்கள். இரண்டு நிமிஷத்தில் இருநூற்றுப் பதினான்கு. இனி மெழுகில்லாமல். எண் குறைந்தால் உண்மை. குறையாவிட்டால் மறுபடியும் அதே இரைச்சல்.

தங்கை ஈயத் தகட்டுக்குப் பின்னால் போய் நின்று குமிழியைத் திருப்பினாள். கேமராவின் சின்னத் திரையில் கூடு சிவந்தது. சுற்றிலும் ஊதா பரவி, பிறகு சுருங்கி, கூட்டின் இடுக்குகள் வழியே ஈர்க்குச்சி ஈர்க்குச்சியாக வெளிச்சம் கிளம்பியது.

எண் காட்டும் கருவி ஓடத் தொடங்கியது. ஒன்று. நீண்ட இடைவெளி. இரண்டு, மூன்று. முன்பு மழைபோல் விழுந்த எண்கள் இப்போது சொட்டுச் சொட்டாக விழுந்தன.

இரண்டு நிமிஷம் முடிந்தது. மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கத்தினாள்: "முப்பத்தொண்ணு!"

"என்னது?"

"முப்பத்தொண்ணுக்கா! முப்பத்தொண்ணே முப்பத்தொண்ணு!"

அறைக்குள் ஓடினாள். அக்கா தலையணையிலிருந்து முதுகைத் தூக்கியிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் மட்டும் எட்டு வயசுப் பெண்ணுடையது.

"வோல்ட் அதேதானா?"

"அதேதான்."

"கேஸ் அளவு?"

"முள்ளு அசையல."

அக்கா அத்தானின் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "பாத்தீங்களா? பாத்தீங்களாய்யா?"

"அடிக்கிற தெம்பு இருக்கே," என்றார் அத்தான். "எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா புல்லரிக்குது."

தங்கை கட்டிலில் உட்கார்ந்து அக்காவின் பாதத்தைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. "போதும்க்கா. ஜெயிச்சாச்சு. நான் இங்கயே இருக்கேன்."

"ஜெயிச்சாச்சா? குழாய் நடுவுல பழுதாயிருந்தாலும் எண்ணு கம்மியாத்தான் காட்டும்." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு செலவானது. "மறுபடி மெழுகை வை. மறுபடி ஏறணும். அப்பத்தான் அந்தக் கடைசி வரிசை ஆளு வாயை மூடுவான்."

"ஒரு ஓட்டத்துக்குத்தான் கேஸ் இருக்கு."

"ஒண்ணு போதும். போடீ. சத்தமாச் சொல்லு, எனக்குக் கேக்கணும்."

தங்கை அத்தானைப் பார்த்தாள். அவர் கதவுப்பக்கம் தலையசைத்தார்.

மெழுகை வைத்தாள். வாயுவைத் திறந்து, முள் பழைய இடத்துக்கு வரும்வரை மூச்சை அடக்கினாள். மணி நான்கு பதினேழு. குமிழியைத் திருப்பினாள்.

மழை திரும்பி வந்தது. இப்போது சொட்டுச் சொட்டாக இல்லை. எடுத்த எடுப்பிலேயே கொட்டியது.

"முப்பது செகண்டு! அம்பத்தாறு!"

"ம்!" என்றாள் அக்கா. அந்த ஒரு எழுத்தில் துள்ளல் இருந்தது.

தங்கை சத்தமாகச் சிரித்தாள். தனியாக நின்று ஒரு கால் மாற்றிக் குதித்தாள்.

"ஒரு நிமிஷம்! நூத்திப் பதினொண்ணு!"

"ம்."

"ஏறுதுக்கா! ஒண்ணரை! நூத்தி அறுபத்தெட்டு!"

பதிலில்லை.

"அக்கா?"

"சின்னவளே," என்றார் அத்தான். வா என்று சொல்லவில்லை. அவர் குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

அவள் கை குமிழியின் மேலிருந்தது. திருப்பினால் மூன்று எட்டில் கட்டிலுக்குப் போய்விடலாம். திரையில் வெளிச்சம் சிறு நடுக்கமுமில்லாமல் நின்றது. இன்னும் இருபத்தாறு செகண்டு. இருபது. கால்கள் கதவை நோக்கித் திரும்பிவிட்டன. கை மட்டும் திரும்பவில்லை. பாதியில் நிறுத்திய ஓட்டத்தை அக்கா ஒருநாளும் கணக்கில் சேர்த்ததில்லை. பத்து. ஐந்து.

"ரெண்டு நிமிஷம்," என்று சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள். "இருநூத்தி இருபத்தொம்பது."

அணைத்தாள். பிறகு போனாள்.

அக்கா கதவுப்பக்கம் முகம் திருப்பியிருந்தாள். வாய் இலேசாகத் திறந்திருந்தது. அத்தான் அவள் கையை விடவில்லை.

"ஒரு நிமிஷத்துல 'ம்'னு சொன்னாளே," என்றாள் தங்கை.

"அது நான்." அத்தான் நிமிரவில்லை. "அவ உதடு அசைஞ்சுது, சத்தம் வரல. நீ பாதியில விட்டுட்டு வந்துடுவியோன்னு நான் சொன்னேன்."

தங்கை அக்காவின் நெற்றியிலிருந்த முடியை ஒதுக்கினாள். நெற்றியில் இன்னும் சூடு இருந்தது.

டாக்டர் ஐந்து மணிக்கு வந்தார். நாடி பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். முக்காலியை இழுத்துப்போட்டுக் காகிதத்தை எடுத்தார்.

"நேரம்?"

"சரியாச் சொல்லணும்னா," என்றாள் தங்கை, "நாலு பதினெட்டுக்கும் நாலு பத்தொம்பதுக்கும் நடுவுல."

டாக்டர் பேனாவைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். "இதுல ஒரு நேரந்தாம்மா எழுத முடியும்."

தங்கை அத்தானைப் பார்த்தாள்.

"நாலு பத்தொம்பது," என்றார் அத்தான். "கடைசி நம்பரைக் கேட்டுட்டு 'ம்'னு சொன்னா. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

டாக்டர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் விலகிக் கிடந்த போர்வையை இழுத்து அக்காவின் பாதத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"பத்தொம்பதுன்னே போடுங்க," என்றாள்.