கழற்ற முடியாத பொத்தான்

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தபிறகு என் விரல்கள் எதையும் பிடிப்பதில்லை. அதற்காக அரசு தந்துவந்த உதவித்தொகையைத் தொடரலாமா என்று பார்க்க ஒரு டாக்டரம்மாவிடம் வரச் சொன்னார்கள். போகிற இடத்தில் மதிப்பார்கள் என்று என் மனைவி தேய்த்த சட்டையும் கால்சட்டையும் மாட்டி, பொத்தானெல்லாம் போட்டுவிட்டாள்.

"நல்லா உடுத்தியிருக்கீங்களே! யார் போட்டுவிட்டாங்க?" என்றாள் டாக்டரம்மா.

கேலி செய்கிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது. "நான் என்ன பச்சைப் பிள்ளையா? நானேதான் போட்டேன்."

அவள் அதையே எழுதிக்கொண்டாள். தொகை நின்றது.

"பொண்டாட்டி போட்டுவிட்டான்னு சொன்னா உங்க கிரீடம் இறங்கிடுமா?" என்று மனைவி கத்தினாள். மூட்டுவலியோடு ஆஸ்பத்திரி கழிவறை கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் கிளம்பும்முன், "இன்னைக்காவது உண்மையைச் சொல்லுங்க" என்று என்னை மறுபடி உடுத்தி, மறுபரிசோதனைக்கு அதே டாக்டரம்மாவிடம் அனுப்பினாள்.

அங்கே காத்திருந்தபோது அடிவயிறு முட்டியது. கழிவறைக்குள் போய்ப் பொத்தானோடு மல்லாடினேன். கதவுக் கொக்கியில் மாட்டி இழுத்தும் அது கழலவில்லை. வாசலில் நின்ற காவலாளியைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

நனைந்த கால்சட்டையோடு டாக்டரம்மா முன் போய் நின்றேன். அவள் மூக்கைப் பொத்தினாள்.

"பொத்தான் இன்னும் போட்டபடியே இருக்கு, பாருங்க" என்றேன். "இதையும் எழுதிக்கோங்கம்மா."