நீலக் கோடு

செபநாயகம் கூரையிலிருந்து விழுந்து செத்து முப்பத்தொரு நாளாகியும் அந்தக் குருநகர் வீட்டின் ஒழுக்கு நிற்கவில்லை. அதைத் தேடித்தான் அவன் ஏறியிருந்தான். முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்தவர்கள் போனபின் பெய்த மழையிலும் கட்டிலின் தலைமாட்டில் தண்ணீர் சொட்டியது. அவன் மனைவி றஜனி கட்டிலை நகர்த்திவிட்டு, நனைந்த மெத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் வெயில் எறித்ததும் செபநாயகத்தின் தம்பி கிறிஸ்ரி ஏணியோடு வந்தான். மூன்றாவது படிவரை ஏறினான். இறங்கிவிட்டான்.

“ஏலாமல் கிடக்கு, அண்ணி. மேசனைக் கூப்பிடுவம்.”

“மேசன் மழைக்காலம் முடியட்டும் எண்டுட்டான். நான் ஏறுறன்.”

“ஐயோ, வேண்டாம். பிள்ளையளுக்கு இனி நீங்கள்தானே.”

“ஏணியைப் பிடி.”

செபநாயகத்தின் களிசானைப் போட்டுக்கொண்டு ஏறினாள். பயம் வருமென்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கிறிஸ்ரி ரோச் லைற்றோடு அறைக்குள் போய் ஓட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்து நின்றான். அவள் தண்ணீர்க்குழாயைக் கீழ்வரிசை ஓடுகளில் பிடித்தாள்.

“வருதே?”

“இல்லை.”

அடுத்த வரிசை. அதற்கடுத்தது. கட்டிலுக்கு நேர்மேலே எவ்வளவு ஊற்றியும் ஒன்றும் வரவில்லை. முகட்டுக்கு அருகே, வேறொரு மூலையில் ஊற்றியபோதுதான் உள்ளேயிருந்து கத்தினான்.

“வருது அண்ணி! அங்கையிருந்து கைமரத்தோடை ஓடிவந்து இஞ்சை சொட்டுது!”

குனிந்து பார்த்தாள். ஓட்டில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதன் பக்கத்தில் சிறு நீலக் கோடு. செபநாயகம் தன் படகுக்கு அடிக்கும் பெயின்ற்.

கீழே இறங்கிச் சொன்னாள்: “உன்ரை அண்ணை கண்டுபிடிச்சிட்டார், கிறிஸ்ரி. அடையாளம் போட்டிருக்கிறார். மாத்த ஓடு எடுக்க இறங்கேக்கைதான் விழுந்திருக்கிறார் போலை.”

கிறிஸ்ரி ஏணியில் தலையை முட்டுக்கொடுத்து அழுதான். தனக்கும் அழுகை வருமென்று றஜனி காத்து நின்றாள். வாய் காய்ந்திருந்தது, அவ்வளவுதான். புது ஓடொன்றை எடுத்துக்கொண்டு திரும்ப ஏறி, வெடித்ததைக் கழற்றி மாற்றினாள்.

இரண்டு நாள் கழித்து, பின்னேரம் பெருமழை பிடித்தது. கிறிஸ்ரி போன் எடுத்தான்.

“ஒழுகுதே அண்ணி?”

“இல்லை. நிண்டிட்டுது.”

போனை வைத்துவிட்டு, பிள்ளைகள் ரியூசன் முடிந்து வருமுன் சோற்றுக்கு உலை வைத்தாள்.